பாகூரில் போடாத ஓட்டு

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரியில் உள்ள பாகூரில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் தேர்தல் பேச்சு எடுத்தாலே “மெஷின்ல என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்” என்றுதான் முடிகிறது. என் மகனுக்கு 34 வயது. “நான் போட்டு என்ன ஆகப்போகுது, அவங்க நினைச்சதுதான் நடக்கும்” என்கிறான். இனி ஓட்டுச்சாவடிப் பக்கமே போகமாட்டானாம். அவனுக்கு என்ன சொல்வது? தேர்தல் நியாயமாக நடக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்களா?

ச., பாகூர்

அன்புள்ள ச.,

உங்கள் மகனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் மெஷினைப் பார்த்துக் கோபப்படுவதால், கேட்க வேண்டிய பெரிய கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் வாக்குப்பதிவு தொடங்குமுன் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் கண்முன்னே குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்த்து, அதை அழித்துவிட்டுத்தான் சீல் வைக்கிறார்கள். நாம் பொத்தானை அழுத்தியதும், யாருக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிகிறது. மாலையில் 17சி என்று ஒரு படிவம் எழுதுவார்கள். மெஷினின் எண், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். ஏஜெண்டுகளுக்கு அதன் நகல் கொடுக்க வேண்டும். எண்ணும் நாளில் மெஷின் மேசைக்கு வந்ததும் அந்த நகலை வைத்துச் சரிபார்க்கலாம். அந்தத் தாளை வாங்காமலே சாப்பிடக் கிளம்பிப் போகிற ஏஜெண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். முடிவு வந்த பிறகு மெஷினைத் திட்டுவதில் அவர்கள்தான் முதல் ஆள்.

குறை இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னபடி ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத்துகளின் சீட்டுகளைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்கவில்லை. எண்ணலாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் தொகுதியில் இருப்பதே சுமார் 30 ஆயிரம் வாக்காளர்கள். அதை எண்ண ஒரு பகல் போதும், ஊர் சந்தேகமும் தீரும்.

அப்புறம், மெஷினுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. புதுச்சேரி சட்டசபையில் நீங்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசச் சட்டப்படி மத்திய அரசு மேலும் 3 பேரை நியமிக்கலாம். அவர்களுக்கும் சபையில் ஓட்டு உண்டு. உச்ச நீதிமன்றமே 2018 டிசம்பரில் அதை உறுதி செய்துவிட்டது. 2021 பிப்ரவரி 22 அன்று முதல்வர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தபோது எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் 14 பேர். அதில் 3 பேர் நியமன உறுப்பினர்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் கணக்கெடுத்தால், சபாநாயகரையும் சேர்த்து ஆளும் தரப்பில் 12, எதிரில் 11. ஆளும் தரப்பில் வரிசையாக ராஜினாமா நடந்ததால்தான் நிலைமை அங்கே வந்தது என்பதும் உண்மை. அந்த அரசு நல்ல அரசா என்பது வேறு பேச்சு. யாருமே ஓட்டுப் போடாத மூன்று பேர், ஓட்டு வாங்கி வந்த அரசின் ஆயுளைத் தீர்மானிக்கலாமா? கூடாது என்றே நான் நினைக்கிறேன். அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த தேர்தலில் 6 இடம் ஜெயித்த பா.ஜ.க.வுக்கு, நியமனத்துக்குப் பிறகு சபையில் 9 பேர். எந்தக் கட்சிக்கு இது நடந்தாலும் என் பதில் இதுதான்.

ஆனால் எனக்கு இதைவிட வலிப்பது உள்ளாட்சி. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்கப்புறம் இல்லை. 2021-இல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் அதுவும் நின்றுபோனது. உங்கள் மகன் ஓட்டுரிமை பெற்ற நாளிலிருந்து பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு (பல கிராமங்களைச் சேர்த்த உள்ளாட்சி அமைப்பு) ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. “நான் போட்டு என்ன” என்கிறாரே, போடவே விடாத ஓட்டு ஒன்று இருக்கிறது என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா?

நான் இருப்பது கடலூரில். ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் உங்கள் எல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது உங்கள் பக்கமும் மூழ்கியது, எங்கள் பக்கமும் மூழ்கியது. இங்கே மாநகராட்சிக்கு 2022-இல் தேர்தல் நடந்து 45 வார்டுக்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ஜனங்கள் நேராகக் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டார்கள். “ஓட்டுக் கேட்டு வந்தியே, இப்ப தண்ணியில இறங்கி வா” என்று ஒரு அம்மா போட்ட போடு தெருவுக்கே கேட்டது. எல்லாக் கவுன்சிலரும் ஓடி வந்து செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் உரிமையோடு திட்ட ஒரு ஆள் இருந்தார். பாகூரில் நீங்கள் யார் வாசலில் போய் நின்றீர்கள்? அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார், எம்.எல்.ஏ. எத்தனை கிராமத்தைப் பார்ப்பார்?

தமிழ்நாடு ஒழுங்கு என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. கடலூர் மாவட்டக் கிராம ஊராட்சிகள் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போயின. 2016-க்கும் 2019-க்கும் இடையிலும் இதே கதைதான்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். ஓட்டுச்சாவடிக்குப் போகாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த தேர்தலில் ஏதாவது ஒரு வேட்பாளருக்கு ஏஜெண்டாகப் போய் உட்காரட்டும், 17சி நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வரட்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்கட்டும்: கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் எப்போது? அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் அப்படியே இங்கே போடுகிறேன்.

அன்புடன்.