350 ரூபாய் ஹெட்செட் போட்டால் காது போய்விடுமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 19 வயது. கோபியிலிருந்து ஈரோட்டில் இருக்கும் காலேஜுக்கு வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில் போய் வருகிறான், போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வழி முழுக்கக் காதில் பாட்டுதான். 350 ரூபாய்க்கு வாங்கிய ஒயர் ஹெட்செட்டில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, இரண்டு மாதமாக மற்றப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது அதே விலையில் இன்னொன்று கேட்கிறான். கடைக்காரரோ, விலை குறைந்ததைப் போட்டால் காது செவிடாகிவிடும், 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் சேஃப் என்கிறார். பத்து நாளாகப் படுக்கும்போது காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்கிறது என்றும் சொல்கிறான். என்ன வாங்கித் தரட்டும்?

பதில்: முதலில் அந்த 'ஙொய்' எந்தக் காதில் கேட்கிறது என்று அவனிடம் கேளுங்கள் அம்மா. பாட்டு கேட்டுக்கொண்டிருந்த அதே காதில்தானா, இரண்டிலுமா? ஹெட்செட் விலையைவிட எனக்கு இந்தப் பதில்தான் முக்கியம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கடைக்காரர் சொன்னதில் பாதி வியாபாரம். சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள், 350 ரூபாய் ஹெட்செட்டில் வரும் 85 டெசிபலும் 35,000 ரூபாய் ஹெட்போனில் வரும் 85 டெசிபலும் காதுக்கு ஒன்றுதான். காது கெடுவது சத்தத்தின் அளவாலும் கேட்கும் நேரத்தாலும். மே மாத வெயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு நேரம் நின்றோம், இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. இன்னொன்று, விலை ஏறினால் ஒலியின் தரமும் ஏறும் என்பதே அவ்வளவு உறுதியில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார்கள், ஒவ்வொன்றும் ஒலியை எந்த ஏற்ற இறக்கத்தோடு தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை.

சரி, சத்தக் கணக்குக்கு வருவோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகிவிடும், 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி, 92இல் இரண்டரை மணி. உங்கள் மகன் வாரத்தில் 18 மணி நேரம் பஸ்ஸில் பாட்டு கேட்கிறான். 83 டெசிபலில் கேட்டால் மயிரிழையில் தப்பிவிடுவான். 92இல் கேட்டால், ஒரு வாரத்துக்கான மொத்தக் கணக்கும் திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்புவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது, மீதி ஐந்து நாளும் கடன்தான். வால்யூமை முழுக்க வைத்தால் சாதாரண போனும் சாதாரண ஹெட்செட்டும் 92ஐச் சுலபமாகத் தாண்டும்.

இனி பஸ். நம் கொங்குப் பக்கத்துத் தனியார் பஸ்ஸில் பாட்டுக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது? இன்ஜின் உறுமல், ஏர்ஹாரன், தலைக்கு மேல் ஸ்பீக்கரில் டிரைவர் போட்ட பாட்டு, இத்தனைக்கும் மேலே தன் பாட்டு தனக்குக் கேட்க வேண்டும் என்று இவன் வால்யூமை ஏற்றியிருப்பான். வீட்டில் பாதி வால்யூம் போதும் என்கிற பையன்கள் பஸ்ஸில் கடைசிக் கோடு வரை போவது இப்படித்தான். மலிவு ஹெட்செட்டின் நிஜமான கெடுதல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காதின் வாசலில் சும்மா தொங்கும் பிளாஸ்டிக் வகை வெளிச்சத்தத்தை ஒரு துளியும் தடுப்பதில்லை, தடுக்காததால் நாம் ஏற்றுகிறோம். போதாக்குறைக்கு ஒரு பக்கம் செத்துப்போனது வேறு. இரண்டு காதிலும் கேட்கும்போது மூளை இரண்டையும் கூட்டிக்கொள்ளும், அதனால் குறைந்த சத்தமே நிறைவாக இருக்கும். ஒரே காதில் கேட்டால் அந்த நிறைவுக்காக இன்னும் ஏற்றியாக வேண்டும். அந்த இரண்டு மாதமும் ஒரு காதின் மேல்தான் மொத்தப் பாரமும் விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் போனவுடனே அதைக் குப்பையில் போட்டிருக்கலாம். நானும் படிக்கிற காலத்தில் ரயிலில் வாங்கிய ஒன்றை, ஒயரை ஒரு கோணத்தில் மடித்துப் பிடித்துக்கொண்டே ஒரு செமஸ்டர் ஓட்டியவன்தான், அதனால் அவனை ரொம்பத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆக, மலிவானது வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம், ஆனால் காதை அடைக்கிற வகையாக இருக்கட்டும். முனையில் சிலிகோன் ரப்பர் வைத்த ஒயர் இயர்போன், 500 முதல் 800 ரூபாய்க்குள் ஓரளவு பெயருள்ள கம்பெனியில் வாரண்டியோடு கிடைக்கும், அது போதும். பெட்டிக்குள் சின்ன கவரில் வேறு அளவு ரப்பர்களும் இருக்கும், முக்கால்வாசிப் பேர் அதைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கவருக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்றே சொல்வேன். வீட்டில் ஃபேனை வேகமாக ஓடவிட்டு, பாட்டுப் போடாமல் இயர்போனை மட்டும் காதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம் சட்டென்று தூரப் போனால் அளவு சரி. போகவில்லை என்றால் அடுத்த அளவு ரப்பர். வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம், பலருக்கும் அப்படித்தான். 'எக்ஸ்ட்ரா பாஸ்', அதாவது அடிச்சத்தம் கூடுதல், என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கையில் 2,000 ரூபாய் வரை இருந்தால், இரைச்சலைக் குறைக்கும் ஏ.என்.சி. வசதி உள்ளது இப்போது அந்த விலைக்கே வருகிறது. இன்ஜின் உறுமல் மாதிரி ஒரே சீராக வரும் அடிச்சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும், டிரைவரின் பாட்டை அவ்வளவாகக் குறைக்காது. எதுவாக இருந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கழற்றிவிட வேண்டும், ரோட்டைக் கடக்கும்போது அடைத்த காது ஆபத்து. ப்ளூடூத் கதிர்வீச்சு பற்றிப் பலரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: போன் வெளிவிடுவதில் அது மிகச் சிறிய பங்குதான், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரப்பர் வைத்ததில் ஒரு தொல்லை உண்டு. காதை அடைத்தால் உள்ளே வியர்வை, ஈரம், அதோடு நம் ஊர்ப் புழுக்கம். போன மழைக்காலத்தில் ஒரு பையன் காது அரிக்கிறது, அடைத்தாற்போல இருக்கிறது என்று வந்தான். கேமராவை உள்ளே விட்டுத் திரையில் காட்டினேன், நனைந்த நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணித்தது போல வெள்ளையாக ஒரு பொதி, அதன் மேல் கருப்புப் புள்ளிகள். பூஞ்சை. அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசாரித்தால், ஹாஸ்டலில் ஒரே இயர்போன் மூன்று பேருக்கு! சுத்தம் செய்து, பூஞ்சைக்கான சொட்டு மருந்து போட்டு, கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. ஆகவே ரப்பரை வாரம் ஒரு முறை கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். தலை குளித்த ஈரத்தோடு காதில் வைக்க வேண்டாம், நண்பனுக்கு ஒரு காது எனக்கு ஒரு காது என்பதும் வேண்டாம். அரித்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, ஊக்கு விட்டுக் குடைவது, இரண்டும் கூடவே கூடாது.

இப்போது அந்த 'ஙொய்'. உள்காதில் பக்கத்துக்குச் சுமார் 15,000 மயிர் செல்கள் உண்டு, ஒலியை நரம்புக்குக் கொடுப்பவை அவைதான். பலத்த சத்தத்தில் அவை காற்றில் சாய்ந்த நெற்பயிர் போலச் சாயும், ஓய்வு கொடுத்தால் ஓரிரு நாளில் நிமிரும். திரும்பத் திரும்ப அடித்தால் செத்துப்போகும், மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள கீச்சு ஒலிகள். பேச்சு கேட்கும், ஆனால் 'சட்டி' என்றார்களா 'தட்டி' என்றார்களா என்று குழம்பும். அதனால்தான் இப்படிக் காது கெட்டவர்களில் பலர் காது கேட்கவில்லை என்று வருவதில்லை, எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

சத்தத்தால் வந்த இரைச்சல் என்றால் பாட்டை நிறுத்திய சில நாளில் குறைய வேண்டும். உங்கள் மகனுக்குப் பத்து நாளாகிவிட்டதால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன், இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படிக் கேட்கலாம், அப்படி இருந்தால் ஐந்து நிமிட வேலைதான். இல்லையென்றால் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுப்பார்கள், வலியில்லை, ஊசியில்லை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எடுக்கலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடம் எடுப்பதோடு ஒப்பிட உதவும். இரைச்சல் ஒரே காதில்தான் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் கேட்கவே இல்லை என்றாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கே ஓடுங்கள், திடீரென்று கேட்காமல் போனதற்கான ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

டாக்டரைப் பார்க்கும் வரை புதியது எதுவும் வாங்க வேண்டாம். போகும்போது அந்தப் பழைய ஹெட்செட்டையும் போனையும் கையோடு எடுத்துப் போங்கள், பஸ்ஸில் வழக்கமாக வைக்கும் வால்யூமை அவனையே டாக்டர் முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் கேட்டால் 'பாதிதான்மா' என்பான்.