விடாமல் பின்தொடரப்படும் பெண்ணுக்கு மனநல ஆலோசகர் எப்படி உதவலாம்?

வேண்டாம் என்று சொன்ன பிறகும் தெருவிலோ போனிலோ இணையத்திலோ ஒருவன் துரத்திக்கொண்டே இருப்பதுதான் பின்தொடர்தல். ஆண் ஒருவன் பெண்ணை இப்படித் துரத்துவது இந்தியாவில் குற்றம்: பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 78, முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை.

விபத்தில் சிக்கியவரின் பயம் வேறு, இது வேறு. இங்கே ஆபத்து இன்னும் முடியவில்லை. 'பயப்படும் இடத்துக்குப் போய்ப் பழகுங்கள்' என்று இப்போதே சொல்வது விபரீதம். பாதுகாப்புக்குப் பிறகுதான் சிகிச்சை. சந்திப்பு நேரத்தை வாராவாரம் மாற்றுங்கள். 'அவங்க அங்க வந்திருக்காங்களா?' என்று யார் போன் செய்தாலும் வரவேற்பில் ஆம், இல்லை இரண்டும் சொல்லக் கூடாது.

ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நம்பரும் நேரமும் தெரிய வேண்டும். போலீஸுக்கு இது ஆதாரம். 'நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ' என்ற சந்தேகத்துக்கும் மருந்து.

அவனுக்கு அந்தப் பெண் பதில் சொல்லவே கூடாது. 39 அழைப்புகளை விட்டுவிட்டு 40ஆவதை எடுத்துத் திட்டினாலும், 40 முறை அடித்தால் எடுப்பாள் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். அடம்பிடிக்கும் குழந்தைக்குக் கடைசியில் மிட்டாய் வாங்கிக் கொடுத்த கதைதான்.

நம்பரை மாற்றினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வழி அடைபட்டதும் சிலர் வீட்டு வாசலுக்கே வருவார்கள். பழைய சிம் வேறொரு போனில் சத்தமில்லாமல் ஓடட்டும், புது நம்பர் நம்பகமானவர்களுக்கு மட்டும்.