பனிச்சறுக்கு அறியாத நமக்கு டாவோஸ் மலையில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவிலுள்ள மகளிடம் செல்லும்போது நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் டாவோஸ் (Taos) பனிச்சறுக்கு மலைக்குப் போவதில் பயனுண்டா என்று ஏறாவூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தம்பி குடும்பத்தோடு அங்கே போய்வந்த மட்டக்களப்புக்காரன் என்ற முறையில், கட்டாயம் போங்கள் என்பேன். ஆனால் அம்மலையின் கதையை அறிந்துகொண்டு போங்கள்.

1955இல் அந்தப் பனிச்சறுக்குத் தலத்தைத் தொடங்கியவர்கள் ஏர்னி பிளேக், றோடா பிளேக் தம்பதியர். ஜேர்மனியில் பிறந்த யூதரான ஏர்னி, 1938இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டு இராணுவப் புலனாய்வுப் பிரிவில் பணியாற்றியவர். பின்னர் சிறு விமானத்தில் பறந்து திரிந்து, பழைய சுரங்கக் குடியிருப்பொன்று அழிந்து கிடந்த இந்தப் பள்ளத்தாக்கை வானிலிருந்தே கண்டு தெரிவுசெய்தார். 1989இல் அவர் மறைந்த பின்னரும் குடும்பமே அதை நடத்தியது. 2013இன் இறுதியில்தான் லூயிஸ் பேக்கன் என்ற முதலீட்டாளருக்கு விற்கும் முடிவை அறிவித்தது.

என் மனத்தை மிகவும் தொட்டவை அங்குள்ள சறுக்குப் பாதைகளின் பெயர்களே. ஸ்டாவ்ஃபென்பேர்க், ஓஸ்டர், ட்ரெஸ்கோ என்று செங்குத்தான பாதைகளுக்கு ஏர்னி சூட்டியவை, ஹிட்லரை வீழ்த்தச் சதிசெய்து உயிரிழந்த ஜேர்மன் இராணுவ அதிகாரிகளின் பெயர்கள். போரில் மாண்டவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் தயங்கிய காலங்களைக் கண்ட நம் மாவட்டத்தவருக்கு, தன் பிறந்த நாட்டின் கொடுங்கோன்மையை எதிர்த்தவர்களை ஒருவர் மலையிலேயே எழுதிவைத்திருப்பதன் கனம் சொல்லாமலே விளங்கும்.

அடிவாரத்தில் நின்றதுமே கண்ணில் படும் செங்குத்துச் சரிவைப் பார்த்து மிரள வேண்டாம். நீங்கள் காண்பது மலையின் முப்பதில் ஒரு பங்கே, எளிய பாதைகளும் பல உண்டு என்று அங்கே ஓர் அறிவிப்புப் பலகையே நிற்கிறது. தொடக்கநிலையினருக்குப் பயிற்சியும் தருகிறார்கள். கோடையில் செல்வீர்களாயின் வில்லியம்ஸ் ஏரிக்கு நடந்து போகலாம். அதற்கு மேலே நிற்கும் வீலர் சிகரம், 4,011 மீற்றர் உயரத்துடன், அம்மாநிலத்திலேயே மிக உயர்ந்தது. பள்ளத்தாக்கைவிட்டு இறங்கினால் டாவோஸ் பூர்வகுடிகளின் பல மாடி மண்வீடுகளையும் காணலாம். இன்றும் மக்கள் வாழும் அவ்விடம் 1992இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மலையின் அடிவாரமே ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரத்தில், நமது பிதுருதலாகலையைவிட மேலே இருக்கிறது. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடலுக்கு மூச்சு வாங்கும், தலை வலிக்கும். ஆகவே முதல் இரவைத் தாழ்வாக உள்ள டாவோஸ் நகரில் கழித்து, நிறையத் தண்ணீர் அருந்தி, மறுநாள் மேலே செல்லுங்கள். இருதய நோயோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.