கண் முதலில் போன இடம்

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாகப் புகைப்படம் எடுத்துவருகிறேன். தொழில் வேறு, இது ஆசைக்காக. எடுத்தவற்றை உறவினர்களிடமும், என்னைப் போலவே படம் எடுக்கும் நண்பர்கள் சிலரிடமும் காட்டுவேன். உறவினர்களுக்கு எல்லாமே "அருமை". நண்பர்கள் குறை சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். இத்துடன் இணைத்திருக்கும் படத்தில் என் அப்பா ஜன்னலோரம் அமர்ந்து நாளிதழ் படிக்கிறார். "முகம் இருட்டாக இருக்கிறது, பிளாஷ் போட்டிருக்க வேண்டும்" என்றார் ஒருவர். "இருட்டுதான் அழகு, ஆனால் ஆளை நடுவில் வைத்தது தவறு" என்றார் மற்றொருவர். மூன்றாமவர், எந்தக் கேமரா என்று மட்டும் கேட்டார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

இன்னொரு சங்கடமும் உண்டு. பதினான்கு வயதான என் அண்ணன் மகள் கைபேசியில் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறாள். "எப்படி இருக்கிறது அத்தை?" என்று என்னிடம் கேட்கிறாள். நானும் "அருமை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உள்ளதைச் சொன்னால் எடுப்பதையே விட்டுவிடுவாளோ என்று பயம்.

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்களில் ஒருவர்கூட உங்கள் படத்தில் எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. முதலாமவர் தானாக இருந்தால் எப்படி எடுத்திருப்பேன் என்பதைச் சொன்னார். இரண்டாமவர் ஒரு விதியைச் சொன்னார். மூன்றாமவருக்குக் கருவியில்தான் அக்கறை. படம் காட்டுகிறவருக்கு மிகவும் தேவையானது வேறொன்று: இந்தப் படம் பார்ப்பவரிடம் என்ன செய்தது என்ற செய்தி. எடுத்தவரால் அதைத் தானாக ஒருபோதும் தெரிந்துகொள்ள முடியாது.

முடியாததற்குக் காரணம் எளிது. அந்தப் படத்தில் நீங்கள் அப்பாவைப் பார்க்கிறீர்கள். அவர் குரல், அன்றைய காலை, படிக்கும்போது அவர் முணுமுணுக்கும் பழக்கம் எல்லாம் உங்களுக்குச் சட்டகத்துக்குள்ளேயே இருக்கும். எனக்கு அவை எதுவும் கிடையாது. ஜன்னலோரம் ஒரு முதியவர், அவ்வளவுதான். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்டுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். எடுத்த கணத்தின் உணர்ச்சியையே படத்தின் தரமாக எண்ணிவிடக்கூடாது என்பதற்காக, ஃபிலிம் சுருள்களைக் கழுவாமல் நீண்ட காலம் வைத்திருப்பார். 1984-இல் அவர் இறந்தபோது கழுவப்படாத சுருள்கள் ஏறத்தாழ 2,500 இருந்தன. அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரம் படத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் பிறகு யாரிடமாவது காட்டுங்கள். அந்த இடைவெளியே பாதி விமர்சனத்தைச் செய்துவிடும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். என் கண் முதலில் போனது உங்கள் அப்பாவிடம் இல்லை. அவருக்குப் பின்னால் வலது மேல் மூலையில் தொங்கும் வெள்ளைத் துணிக்குப் போனது. அங்கிருந்து நாளிதழுக்கு, பிறகு தாளைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு. முகத்துக்கு வந்து சேரச் சற்று நேரம் ஆனது. விரல்கள் மிகக் கூர்மையாக விழுந்திருக்கின்றன. நகத்தின் வரிகள்கூடத் தெரிகின்றன. கண்கள் லேசாக மங்கலாக விழுந்திருக்கின்றன. இவ்வளவும் நான் பார்த்தது. இது நீங்கள் விரும்பியதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கைகளைப் பற்றிய படம் எடுக்க நினைத்திருந்தால், அந்தத் துணி ஒன்றைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. முகத்தை எடுக்க நினைத்திருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. பக்கத்தில் நின்று லென்ஸின் துளையை அகலத் திறந்து எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு. கைக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரமே அதற்கு அதிகம்.

முதல் நண்பரின் கருத்தை இந்த இடத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். அவர் கண்ணும் முகத்துக்கு எளிதில் போகவில்லை. அதை அவர் உண்மையாகவே உணர்ந்திருக்கிறார். ஆனால் சொன்ன தீர்வு தவறு. கேமராவின் மேலிருக்கும் பிளாஷ் நேராக முன்னிருந்து அடித்து, ஜன்னல் பக்கவாட்டில் தந்த மேடுபள்ளங்களைத் தட்டையாக்கியிருக்கும். அந்தத் துணியை அப்பாவின் தோளுக்குப் பின்னால் மறைக்கும்படி நீங்கள் ஓரடி நகர்ந்து நின்றிருந்தாலே முகம் மேலெழுந்து வந்திருக்கும். அதற்குமேலும் வெளிச்சம் வேண்டுமென்றால் நிழல் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கலாம். கையிலிருக்கும் நாளிதழை இன்னும் சற்றுச் சாய்த்தால் அதுவே முகத்துக்கு ஒளியைத் திருப்பிவிடும். ஆகவே, ஒருவர் குறை சொன்னால் அவர் இடறிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வை நீங்களே தேடுங்கள். இருவர் தனித்தனியாக ஒரே இடத்தில் இடறினால் அங்கே ஏதோ இருக்கிறது.

'நடுவில் வைத்தது தவறு' என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, ஆளை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்வது மூன்றில் ஒரு பங்கு விதி. அதற்கு அந்தப் பெயர் 1797-இல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கு ஓவியர் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதியபோது கிடைத்தது. அப்போது புகைப்படமே பிறக்கவில்லை. விதி பயனற்றது என்று சொல்ல வரவில்லை. நடுவில் வைத்ததால் படத்துக்கு என்ன ஆனது என்பதை அந்த நண்பர் சொல்லியிருக்க வேண்டும். அசைவு போய்விட்டதா, இடப்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதா? அதைச் சொல்லாமல் விதியை மட்டும் காட்டினால் கேட்பவருக்குப் பயத்தைத் தவிர எதுவும் மிஞ்சாது.

கருத்துகள் முரண்படுவதை நினைத்துக் கலங்க வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936-இல் ஓர் அரசுத் திட்டத்துக்காக எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படம் உலகப் புகழ்பெற்றது. அதன் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரியும். லாங்கேவுக்கு அது உறுத்தியது. சில ஆண்டுகளுக்குப் பின் நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்தார். அந்த அரசுத் திட்டத்தை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தில் கைவைத்ததாகக் கருதினார். ஒரே கட்டைவிரல், இரண்டு பேர், இருவரிடமும் நியாயம் இருந்தது. படம் எதற்காக என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள். இதே ஸ்ட்ரைக்கர், தனக்கு வேண்டாத நெகட்டிவ்களில் துளை போட்டுவிடுவார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏன் வேண்டாம் என்று அந்தத் துளை யாருக்கு எதைச் சொல்லும்? கருத்து என்ற பெயரில் இதைவிட மோசமான ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேட்பவராக உங்கள் பங்கும் இருக்கிறது. "எப்படி இருக்கிறது?" என்றுதான் நீங்களும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பாராட்டோ தீர்ப்போதான் பதிலாக வரும். ஜன்னலையும் சேர்த்து ஒளியைக் கேமராவே அளந்தால் முகம் தானாகவே கறுக்கும். அந்த இருட்டு உங்கள் முடிவா கேமராவின் முடிவா என்பது தெரியாமல் யாரும் பயனுள்ளதாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் முதலிலேயே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். "கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவர் பார்த்து முடித்தபின் உங்கள் நோக்கத்தைச் சொல்லி, "இது வந்திருக்கிறதா?" என்று கேளுங்கள்.

அண்ணன் மகள் விஷயத்தில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் எல்லாவற்றுக்கும் 'அருமை' என்பதும் அவளைத் தனியே விட்டுவிடுவதுதான். நன்றாக வந்த படத்துக்கும் மோசமாக வந்த படத்துக்கும் ஒரே சொல் கிடைத்தால் அவள் எதை வைத்துக் கற்றுக்கொள்வாள்? தேர்ந்தெடுத்த ஒன்றை மட்டும் வாங்கிப் பார்க்காமல், அதே இடத்தில் எடுத்த எல்லாப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். எது அவளுக்குப் பிடித்தது, ஏன் என்று முதலில் அவள் சொல்லட்டும். பிறகு உங்கள் மனதில் எது நின்றது என்பதைச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு குறை போதும், அதுவும் அடுத்த முறை அவளால் செய்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். முகங்களில் மூக்கு பெருத்துத் தெரிந்தால், இரண்டடி பின்னால் போய் எடுக்கச் சொல்லலாம். எல்லாப் படங்களும் மங்கலாக இருந்தால் லென்ஸில் விரல் ரேகை படிந்திருக்கிறதா என்று பாருங்கள், துடைத்தால் போதும். கைபேசியை வாங்கி நீங்களே படத்தை வெட்டிச் சரிசெய்து கொடுக்காதீர்கள். அது உங்கள் படமாகிவிடும்.

இன்னொன்று. சில படங்களை அவள் கருத்துக்காகக் காட்டமாட்டாள். தோழியின் பிறந்தநாளில் எடுத்ததை மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள மட்டுமே காட்டுவாள். சாய்ந்த சுவரைப் பற்றிப் பேசும் நேரமில்லை அது. இவர்கள் யார், எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
எஸ்.