127 பாகை காட்டுகிறதே, மதர்போர்ட் போய்விட்டதா?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, டைப்செட்டிங் எல்லாம் ஒரே கம்பியூட்டரில்தான். கடையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பெட்டி அது. மூன்று மாதத்துக்கு முன் பின்பக்க ஃபேன் நின்றுபோனதால் டவுனில் கொடுத்து மாற்றினேன். அன்றிலிருந்து இரைச்சல் தாங்க முடியவில்லை. மகன் ஒரு சொஃப்ட்வெயர் போட்டுப் பார்த்தான், ஓரிடத்தில் 127 பாகை என்று நிற்கிறது. மதர்போர்ட் போய்விட்டது, உடனே மாற்றாவிட்டால் எரிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். இந்தக் குளிரில் இவ்வளவு சூடு எப்படி வரும்?"

முதலில் ஒன்று: மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் பூட்டப்படும் தாய்ப்பலகையை, மாற்றாதீர்கள். பெட்டியைக் கடையில் விட்டுவிட்டும் வராதீர்கள்.

அந்த 127 வெப்பநிலையே அல்ல. மதர்போர்டில் வெப்பத்தை அளந்து சொல்ல ஒரு சின்னச் சிப் இருக்கிறது. அதற்குப் பல வாசல்கள். போர்ட் செய்பவர்கள் எல்லா வாசலிலும் சென்சர் பூட்டுவதில்லை, சிலதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஒன்றும் இல்லாத வாசலைப் படித்தால் அந்தச் சிப் தன்னால் காட்ட முடிந்த மிகப் பெரிய எண்ணைக் காட்டும். பெரும்பாலும் அது 127. மகன் பார்த்த வரியில் 'ஆக்ஸ்டின்' (AUXTIN) என்ற மாதிரி ஒரு பெயர் இருக்கும், பாருங்கள். உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். 127 பாகையில் ஒரு போர்ட் இருந்தால் மூடியைத் திறந்ததும் வாடையே காட்டிக்கொடுக்கும். சோதிக்க வேண்டுமா? விடியற்காலையில், இரவெல்லாம் குளிர்ந்த பெட்டியை ஆன் பண்ணிய உடனே பாருங்கள். அப்போதும் அதே 127 அசையாமல் நின்றால் அது பொய் எண். உண்மையான வெப்பம் வேலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது 'சிபியு பேக்கேஜ்' (CPU Package) அல்லது 'கோர்' (Core) என்ற வரி. சிபியு என்பது கணக்கெல்லாம் போடும் மூளைச் சிப். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 வரை, கடுமையான வேலையில் 80 வரை போனாலும் பயமில்லை. 90க்கு மேலேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் எரிந்துவிடாது. அனேகமான இன்டெல் சிப்கள் 100 பாகையை எட்டினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் பெட்டி நின்றுவிடும். பார்ப்பதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற சொஃப்ட்வெயர் போதும், சொந்தப் பாவனைக்கு இலவசம். பழைய ஸ்பீட்ஃபேன் (SpeedFan) சொஃப்ட்வெயர் வேண்டாம். அதைப் பல வருடமாகப் புதுப்பிக்கவில்லை, புதிய போர்டுகளைத் தப்பாகப் படிக்கும். இப்படி இரண்டு சொஃப்ட்வெயரை ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். ஒன்றை ஒன்று குழப்பிவிடும்.

இனி இரைச்சல். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். புதிய ஃபேனிலிருந்து போர்டுக்குப் போகும் வயர்களை டோர்ச் அடித்து எண்ணுங்கள். மூன்று என்றால் கதை அங்கேயே முடிந்தது. நான்கு வயர் ஃபேனுக்கு வேகத்தைச் சொல்ல நான்காவது வயர் இருக்கிறது. மூன்று வயர் ஃபேனுக்கு அது இல்லை, வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். பழைய ஃபேன் நான்கு வயராக இருந்திருக்கும், போர்டும் அந்த முறையிலேயே இருக்கும். அதனால் புதிய ஃபேனுக்கு எந்நேரமும் முழு 12 வோல்ட் போகிறது, அது முழு வேகத்தில் கத்துகிறது. மாற்றித் தந்தவர் ஒரு நிமிடம் செலவழித்து அமைப்பை மாற்றியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஆன் பண்ணியதும் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், பயாஸ் (BIOS) என்ற போர்டின் அமைப்புத் திரை திறக்கும். ஆசுஸ் போர்டில் கியூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்ட்வெயர் மொனிட்டர் என்ற இடத்துக்குப் போங்கள். அந்த ஃபேனுக்கு பிடபிள்யூஎம் (PWM, நான்கு வயர் முறை) என்று இருப்பதை டிசி (DC) அல்லது வோல்டேஜ் என்று மாற்றுங்கள். பிறகு 40 பாகையில் 50 வீத வேகம், 60இல் 65, 75இல் 85, அதற்கு மேல் முழு வேகம் என்று கொடுங்கள். மூன்று வயர் ஃபேனை 50 வீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள்; சிலது அசையாமல் நின்றுவிடும். சிபியு ஃபேனின் அமைப்பில் கை வைக்க வேண்டாம்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் உயரத்தில் காற்று கடல் மட்டத்தை விடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே மெலிந்திருக்கிறது, ஃபேன் கொஞ்சம் குறைவாகத்தான் வெப்பத்தை அள்ளும். ஆனால் அறைக் குளிர் அதை ஈடுகட்டிவிடும். மலைநாட்டுப் பெட்டிகளைக் கொல்வது விறகுப் புகையும் ஈரமும்தான். சிபியு ஃபேனைக் கழற்றினால் அதன் அடியில், அலுமினியத் தகடுகளின் மேல், கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் இருக்கும். புகைக்கரியும் தூசும் ஈரத்தில் ஊறித் திரண்டது அது, விரலால் உரித்தே எடுக்கலாம். புதிய பெயின்ட் பிரஷ் ஒன்றால் துடையுங்கள். தூசை ஊதும்போது ஃபேன் இதழைப் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள். அப்புறம், மழைக் குளிருக்கென்று பெட்டிமேல் மேசை விரிப்பைப் போர்த்திவிட்டு வேலை செய்வதை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பாதிப் பேரிடம் இருப்பது அதுதான். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி பெட்டிகளுக்கு நான் சொன்ன பயாஸ் வழி செல்லாது. வேகத்தை மாற்றும் இடமே அவற்றில் இராது. ஃபேன் பிளக்கும் சிலவற்றில் வேறு மாதிரி. ஐந்து பின் உள்ளதும் உண்டு. அதில் சாதாரண ஃபேனைத் திணித்தால் ஒவ்வொரு முறையும் ஃபேன் பழுது என்று திரையில் வந்து எஃப்1ஐ அழுத்தச் சொல்லும். சிலர் வயரை வெட்டி ஒட்டித் தருகிறார்கள். அந்தப் பெட்டிக்கு அதே மொடல் ஃபேனைத் தேடி வாங்குவதுதான் வழி, வேறு குறுக்கு வழி இல்லை. இவற்றைக் கொள்கலன் கொள்கலனாக இறக்கி விற்பவர்கள் ஓர் உதிரி ஃபேனாவது கூடவே இறக்கக் கூடாதா?

கடையில் விட்டுவிட்டு வரவேண்டாம் என்றேனே, அது என் வீட்டு அனுபவம். "கொழும்புக்கு அனுப்ப வேண்டும்" என்று ஒரு கடை வாங்கி வைத்த என் மச்சானின் பெட்டி, 8 ஜிபி ராமோடு (நினைவகத்தோடு) போய் 4 ஜிபியோடு திரும்பி வந்தது. பில் இல்லை, கேட்க நாதியில்லை. கூடவே நின்று பார்த்துச் செய்வியுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள், பில் கேளுங்கள். ஃபேன் கொன்ட்ரோலர் கார்ட் ஒன்று போட்டால் சரியாகும் என்பார்கள், அதுவும் உங்களுக்குத் தேவையில்லை. இதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்க வேண்டும். சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறார்கள், வன்பொருள் என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் ஒரு பெட்டியின் தகட்டைக் கழற்றிப் பார்த்த பிள்ளை பத்தில் ஒன்றுகூட என்னிடம் வந்ததில்லை. உங்கள் மகனையே கூட வைத்துக்கொண்டு திறங்கள்.

அமைப்பை மாற்றிய பிறகும் கரகரவென்று சத்தம் வந்தால் அந்த ஃபேனின் பெயரிங்கே மட்டம். நான்கு வயர் உள்ளதாக வேறொன்று வாங்குங்கள். போவதற்கு முன் இரண்டு திருகு ஓட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ரூலரால் அளந்துகொள்ளுங்கள். 105 மில்லிமீட்டர் இருந்தால் கடையில் 120 மில்லிமீட்டர் ஃபேன் என்று கேட்க வேண்டும்.