கியூபுக்குக் காசு போடுமுன் காகிதத்தில் ஆடிப் பாருங்கள்

கேள்வி: மேஜிக் (Magic: The Gathering) கார்டு விளையாட்டுக்குச் சொந்தமாக ஒரு கியூப் செய்யப் பட்டியல் போட்டிருக்கிறேன். மொத்தம் 360 கார்டு. கையில் இருப்பது போக இன்னும் 210 வாங்க வேண்டும், கிட்டத்தட்ட 850 வெள்ளி ஆகும். இல்லாத கார்டுகளுக்குத் துண்டுச் சீட்டு எழுதி வைத்து, தேசிய சேவை நண்பர்கள் மூன்று பேருடன் ஒரு தடவை டிராஃப்ட் ஆடினேன். "நல்லா இருக்கு மச்சான்" என்றார்கள். போனஸ் வந்ததும் மொத்தமாக வாங்கிவிடலாமா?
— வாசகர், ஈசூன்

பதில்: இப்போது வேண்டாம். பட்டியல் மோசம் என்று நான் சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்று உங்களுக்கே இன்னும் தெரியாது, அதுதான் காரணம்.

கியூப் என்றால் என்ன என்று மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் வாங்கும் பேக்கைப் பிரித்தால் எந்தக் கார்டு வரும் என்பது அதிர்ஷ்டம். கியூபில் எல்லாக் கார்டையும் நாமே பொறுக்கி, பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று வைத்து ஒரு பெட்டி தயார் செய்கிறோம். அதைக் கலைத்து, 15 கார்டு கொண்ட பேக்காக ஆளுக்கு மூன்று போடுவோம். ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும். இதுதான் டிராஃப்ட், ஒவ்வொரு தடவை எடுப்பதும் ஒரு பிக். கடைசியில் ஆளுக்கு 45 கார்டு சேரும். அதிலிருந்து 23 வாக்கில் எடுத்து, பெட்டிக்கு வெளியே தனியாக வைத்திருக்கும் சாதாரண லேண்ட் 17 சேர்த்து, 40 கார்டு டெக் (ஆட்டக் கட்டு) கட்டி ஆடுவார்கள். லேண்ட் என்பது மற்றக் கார்டுகளை இறக்கத் தேவையான 'மானா' என்ற சக்தியைத் தரும் கார்டு. ஒரு தடவை செய்த பெட்டியை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆடலாம். அந்த வகையில் பேக் பேக்காகப் பிரித்துக் காசைக் கரைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். எட்டுப் பேர் ஆடினால் 8 × 45 = 360, பெட்டி முழுவதும் மேசைக்கு வரும். நீங்கள் ஆடியது நான்கு பேர். அப்படியானால் 180 கார்டுதான் வெளியே வந்தது. நண்பர்கள் "நல்லா இருக்கு" என்றது பாதிப் பெட்டியை. மறுபாதியை யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதை நம்பி 850 வெள்ளி போடாதீர்கள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகன் கியூப் கட்டினான். கார்டுகளுக்கு ஐந்து நிறம் உண்டு. அதில் சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால், சொந்தக் கிரியேச்சர்களையே (சண்டை போடும் உயிரினக் கார்டுகளையே) பலி கொடுத்து லாபம் பார்ப்பது என்று திட்டம். முதல் டிராஃப்டில் ஒரு பையன் ஆசையாக அந்தப் பக்கம் போனான். கிரியேச்சர் செத்தால் பலன் தரும் கார்டு ஆறு எடுத்துவிட்டான். ஆனால் பலி கொடுக்க வைக்கும் கார்டு ஒன்றுகூட அவன் கைக்கு வரவில்லை. ஆட்டம் முழுக்க அந்த ஆறும் சும்மா கிடந்தன. அப்புறம் உட்கார்ந்து எண்ணினோம். முழுப் பெட்டியில் பலன் கார்டு ஒன்பது, பலிக்கு வழி வெறும் மூன்று. நான்கு பேர் ஆடும்போது அந்த மூன்றில் ஒன்றோ இரண்டோதான் மேசைக்கே வரும். அந்த ஒன்பதில் இரண்டு விலை கூடிய கார்டு. அவன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். பாவமாக இருந்தது.

உங்கள் பட்டியலையும் இப்படி எண்ணுங்கள். 360 கார்டு என்றால் ஐந்து நிறத்துக்கும் ஐம்பது ஐம்பது, இரு நிறக் கார்டு நாற்பது, நிறமில்லாதவை முப்பது, லேண்ட் நாற்பது என்பது ஒரு நல்ல தொடக்கம். முதல் கியூப் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆறு மானா, ஏழு மானா கார்டுகளில் மயங்கி, இரண்டு மானா கார்டுகளை மறந்துவிடுவார்கள். அப்புறம் முதல் மூன்று சுற்றும் எல்லோரும் லேண்ட் மட்டும் போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

காகிதத்திலேயே இன்னும் மூன்று தடவையாவது ஆடுங்கள். கார்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். உங்கள் 210 கார்டுக்கு 24 தாள் போதும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்து வெட்டி, ஒரு பழைய கார்டுக்கு முன்னால் வைத்து ஸ்லீவில் (கார்டு உறையில்) செருகிவிடுங்கள். வீட்டில் சோதித்துப் பார்க்க இப்படிச் செய்வதில் தவறில்லை. விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே சொந்தச் சோதனைக் கார்டையும் கள்ளக் கார்டையும் வேறுவேறாகத்தான் பார்க்கிறது. அதிகாரபூர்வப் போட்டியில் மட்டும் அசல்தான் செல்லும்.

ஆடி முடித்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நண்பன் சொல்லும் பதில் "நல்லா இருக்கு" மட்டும்தான். நடந்ததைக் கேளுங்கள். எந்தக் கார்டு கடைசிவரை கையிலேயே தங்கியது? எந்த பிக்கில் மனசு மாறி வேறு நிறத்துக்குப் போனாய்? 23 கார்டு சேர்க்கத் திணறினாயா, இல்லை நல்ல கார்டை வெளியே தள்ள வேண்டியிருந்ததா? ஒவ்வொருவர் டெக்கையும், டெக்கில் சேராமல் சைட்போர்டில் நின்ற கார்டுகளையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேக்கிலும் கடைசி மூன்று பிக்கைத் தனியே கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று டிராஃப்டிலும் ஒரே கார்டு அந்தக் குவியலில் கிடந்தால் அதற்குக் காசு போட வேண்டாம். அதே சமயம் ஒரே ஒரு தடவை தோற்றவர் "நீலம் பலவீனம்" என்றால் உடனே நீலத்தை மாற்றாதீர்கள். அன்றைக்கு மூன்று பேர் நீலம் எடுத்திருப்பார்கள், இருந்தது பங்கு போயிருக்கும். அவர்கள் சொல்லும்போது நீங்கள் விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். இது எளிதில்லை, ஆனால் இதில்தான் உங்கள் பணம் மிச்சமாகும்.

மூன்று டிராஃப்டுக்குப் பிறகும் பட்டியலில் நிற்பதை மட்டும் வாங்குங்கள். மலிவான கார்டும் லேண்டும் முதலில், விலை கூடியது கடைசியில். மறுபடி அச்சிட மாட்டோம் என்று 1996இல் அந்த நிறுவனம் போட்ட பட்டியலில் இருக்கும் கார்டுகளைக் காகிதமாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், 400 வெள்ளிக்குள் பிரித்து வாங்கி வரியைத் தவிர்க்கும் பழைய வழி இப்போது உதவாது. 2023 ஜனவரி முதல், சிங்கப்பூரில் பதிவு செய்துள்ள வெளிநாட்டு விற்பனையாளர்கள் சிறிய பொட்டலத்துக்கும் பணம் கட்டும்போதே பொருள் சேவை வரி போட்டுவிடுகிறார்கள். இப்போது அது 9 விழுக்காடு.

கேள்வி: கியூபுக்காக இணையத்தில் ஒரு தனி ஆளிடம் 180 வெள்ளிக்கு ஒரு கார்டு வாங்கினேன். எம்ஆர்டி நிலையத்தில் கை மாறியது. நண்பன் பார்த்துவிட்டு அது கள்ளக் கார்டு என்கிறான். பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, செங்காங்

பதில்: முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ், 30 மடங்கு பெருக்குவது ஒன்று வேண்டும். கார்டின் பின்புறம் ஐந்து நிறப் புள்ளிகள் இருக்கும். பச்சைப் புள்ளிக்குள் நான்கு சிவப்புப் பொட்டுகள் 'எல்' வடிவில் தெரிய வேண்டும். கள்ளக் கார்டில் அது பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் குழம்பிப்போய் இருக்கும். பின்புறம் எல்லாக் கார்டுக்கும் ஒன்றுதான் என்பதால், நிச்சயமாக அசல் என்று தெரிந்த ஒரு இருபது காசுக் கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும். முன்பக்க எழுத்தையும் பாருங்கள். அசலில் கறுப்பு திடமாக இருக்கும், கள்ளத்தில் எழுத்தே பல நிறப் பொட்டுகளாகச் சிதறும். 2014 நடுவிலிருந்து வந்த ரேர் (அரிதான) கார்டுகளில் பெரும்பாலும் அடியில் நடுவே முட்டை வடிவில் மின்னும் முத்திரை ஒன்று உண்டு, அதையும் பாருங்கள்.

கள்ளம்தான் என்றால், பழுதான பொருளுக்கு என்று 2012இல் வந்த 'லெமன்' சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அது வியாபாரியிடம் வாங்கியதற்கு. ஆனால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் கேட்கலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். "அசல் கார்டு" என்று அவர் எழுதிய உரையாடல், பணம் அனுப்பிய பதிவு, லென்ஸ் வழியாக எடுத்த படம் எல்லாவற்றையும் இன்றே சேமித்து வையுங்கள், விளம்பரத்தை அவர் எந்த நிமிடமும் எடுத்துவிடலாம். வழக்குப் போட எதிராளியின் பெயரும் முகவரியும் தேவை. அதனால் முதலில் கோபப்படாமல் எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஆள் காணாமல் போய்விட்டால் போலிஸில் புகார் கொடுங்கள். எப்படியானாலும் அந்தக் கார்டை வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: ஃபாயில் கார்டு பளபளப்பாக இருக்கிறது, கியூபுக்கு வாங்கலாமா?
— வாசகர், தோ பாயோ

பதில்: நம் ஊர்க் காற்றில் வேண்டாம். காகிதம் ஈரத்தை இழுக்கும், மேலே இருக்கும் ஃபாயில் இழுக்காது, கார்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். டெக்கில் வளைந்து நிற்கும் கார்டு எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் ஆட்டமே கெட்டுப்போகும். சாதாரணக் கார்டு வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரே நிற ஸ்லீவ் ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த தடவை அதே நிறமே கொஞ்சம் வேறாக வரலாம். தனியாக வைத்திருக்கும் சாதாரண லேண்டையும் சேர்த்து எண்ணுங்கள். நிறத்துக்கு 40 என்றால் அதுவே 200 ஆகிவிடும். 66 × 91 மில்லிமீட்டர் அளவு என்று பார்த்து வாங்குங்கள். சிறிய ஜப்பானிய அளவில் இந்தக் கார்டு நுழையாது. பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

கேள்வி: நண்பன் தன் கியூபை ஆடிவிட்டுக் கருத்துச் சொல்லச் சொல்கிறான். போன தடவை வேறு ஒருவர் குறை சொன்னதற்கு இரண்டு வாரம் பேசவில்லை. நான் என்ன சொல்வது?
— வாசகர், பொங்கோல்

பதில்: ஆடுவதற்கு முன்பே ஒன்று கேட்டுவிடுங்கள்: "இந்தக் கியூப் எப்படி ஆட வேண்டும் என்று நினைத்துச் செய்தாய்?" மெதுவாக, பெரிய பெரிய கிரியேச்சர்களோடு ஆட வேண்டும் என்று செய்தவனிடம் போய் "வேகம் இல்லை" என்றால் அவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அப்புறம் உங்கள் டெக்கை வைத்து மட்டும் பேசுங்கள். "பச்சை சரியில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக, "நான் பச்சை எடுத்தேன், இரண்டாம் பேக்கில் ஆறாவது பிக்கிலிருந்து எனக்கு இரண்டு மானாவில் ஒரு கிரியேச்சர்கூட வரவில்லை" என்று சொல்லுங்கள். அது நடந்த விஷயம், அதில் சண்டைக்கு இடமில்லை. என்ன கார்டைச் சேர்க்க வேண்டும் என்று அவன் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பிடித்த ஆட்டம் ஒன்றாவது இருந்திருக்கும், எந்தக் கார்டால் அது பிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். எதை நீக்கக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஒரே ஆட்டம் ஆடியிருந்தால், "நான் ஒரு தடவைதான் ஆடினேன்" என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.