கிஃபே: திரிபும் பொருளும்

'கிஃபே' (kiffer) 'ரொம்பப் பிடிக்கும்' என்ற பொருளில் வரும் பிரெஞ்சுப் பேச்சுவழக்கு வினை. "ஜ லுய் கிஃப்" என்று சொன்னதும் நண்பர்கள் திருத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். இது ஒழுங்கற்ற வினையா, போதைப்பொருள் சொல்லா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வினை முற்றிலும் ஒழுங்கானது, 'எமே' (aimer, நேசி, பிடி) போலவே திரியும். பிழை பிரதிப்பெயரில். 'லுய்' என்றால் 'அவனுக்கு'; கிஃபே கேட்பது 'அவனை'. எனவே "ஜ ல கிஃப்", பெண்ணானால் "ஜ லா கிஃப்". ஆளைச் சொன்னால் பெரும்பாலும் காதல் ஈர்ப்பாகவே கேட்பவருக்குப் படும், கவனம். பாட்டு, சாப்பாடு, ஊர் என்றால் தயக்கமே வேண்டாம்.

நிகழ்காலத்தில் ஜ (நான்), தூ (நீ), இல் (அவன்), ஓன் (பேச்சில் நாம்), பன்மை இல் (அவர்கள்) எல்லாவற்றுக்கும் உச்சரிப்பு ஒன்றே: கிஃப். எழுத்தில்தான் ஈ, ஈ-எஸ், ஈ-என்-டி என்று முடிவு மாறும். 'நூ'வுக்கு (நாம்) கிஃபோன், 'வூ'வுக்கு (நீங்கள்) கிஃபே. முடிந்த செயலுக்கு 'அவுவார்' (avoir) என்ற துணைவினை: "ஜே கிஃபே". எதிர்காலம் "ஜ கிஃப்ரே". அடுத்து இன்னொரு வினை வந்தால் நடுவில் 'த' (de) என்ற இணைப்புச் சொல்லைப் போடாதீர்கள்: "ஜ கிஃப் தான்ஸே", ஆடப் பிடிக்கும்.

மூலம் அரபி 'கைஃப்', இன்பம். மக்ரெப் (வடமேற்கு ஆப்பிரிக்கா) பேச்சில் அது கிஃப் ஆகி, புகைக்கும் கஞ்சாவுக்கும் பெயரானது. அங்கிருந்துதான் பிரெஞ்சுக்கு வந்தது. பெயர்ச்சொல்லில் கஞ்சாப் பொருள் இன்னும் உண்டு, ஆனால் "செ மோன் கிஃப்" என்றால் 'எனக்கு உயிர்' என்பதுதான். வினையில் இன்று கேட்பது 'ரொம்பப் பிடிக்கிறது' என்ற பொருளே.

வேலை நேர்காணலிலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் 'எமே' அல்லது 'அதொரே' (adorer, மிகவும் பிடிக்கும்) போடுங்கள்.